முகப்பருவைத் தேடி வந்த கதிர்கள்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தொடங்கி இருபதைக் கடக்கும் வரையில், மனிதர்களில் மிகப் பெரும்பாலோரை ஒரு முறையேனும் வந்து பார்த்துவிட்டுப் போகும் நோய் முகப்பரு. அது உயிரைக் கொள்வதில்லை. ஆளைப் படுக்கையில் கிடத்துவதும் இல்லை. அதனால்தான் மருத்துவ வரலாற்று நூல்களில் அம்மைக்கும் காலராவுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் இருக்க, முகப்பருவுக்கு ஏதோ ஒரு மூலைதான் கிடைக்கிறது. ஆனால், கண்ணாடி முன் நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் போய் இது சிறிய நோய் என்று யார் சொல்வது?

இயற்பியல் கற்பிக்கும் ஒருவருக்குத் தோல் நோயில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இயற்பியலார் கண்டுபிடித்த கதிர்களுள் இரண்டு, ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து இந்த நோயாளிகளின் கன்னங்களைத் தேடிச் சென்றன. முதலில் சென்றது எக்ஸ் கதிர். அது பருவை அடக்கியது. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துச் சிலருக்குப் புற்றுநோயைக் கொடுத்தது. பின்னர்ச் சென்றது லேசர். அது பரு விட்டுச் சென்ற குழிகளை ஓரளவு நிரப்பிக் கொடுத்தது. இரண்டும் ஆற்றலைத் தோலுக்குள் செலுத்துகின்ற முறைகளே. அப்படியிருக்க விளைவு ஏன் இவ்வளவு மாறுபட்டது? அந்தக் கதையைத்தான் இங்கே காண இருக்கிறோம்.

பெயரும் வகையும்

முகப்பருவைக் குறிக்கும் 'ஆக்னி' என்ற ஆங்கிலப் பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ஆறாம் நூற்றாண்டில் பைசாண்டியப் பேரரசில் வாழ்ந்த ஏட்டியஸ் என்ற மருத்துவர் இந்நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். உச்சம், மலர்ச்சி என்று பொருள்படும் 'ஆக்மி' என்ற சொல்லே ஏடு பெயர்த்து எழுதியவர்களின் கைப்பிழையால் 'ஆக்னி' ஆயிற்று என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. வாழ்வின் மலர்ச்சிப் பருவத்தில் வருவதால் அப்பெயர் என்பர். தமிழிலும் பருவும் பருவமும் ஒலியால் அருகருகேதான் நிற்கின்றன.

பெயர் பழையது, வகைப்பாடு அவ்வளவு பழையது அன்று. லண்டனில் ஏழைகளுக்கான மருந்தகம் ஒன்றில் பணியாற்றிய ராபர்ட் வில்லன் என்பவர், தோல் நோய்களைக் கண்ணால் காணும் வடிவத்தைக் கொண்டு வகுக்க முற்பட்டார். செடி கொடிகளை இலையும் பூவும் பார்த்து வகைப்படுத்துவது போன்ற முயற்சி அது. வேலை முடியுமுன் 1812-இல் அவர் இறந்துபோக, அவருடைய மாணவர் தாமஸ் பேட்மன் 1813-இல் ஆசிரியரின் வகைப்பாட்டை நூலாக நிறைவு செய்தார். அதில் பரு நான்கு வகையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எளிய பரு ஒன்று. நடுவில் கரும்புள்ளி உடையது ஒன்று. கெட்டியாக உள்ளே இறுகி நிற்பது ஒன்று. மூக்கும் கன்னமும் சிவக்கும் 'ரோசேசியா' ஒன்று. நான்காவதை இப்போது தனி நோயாகக் கருதுகிறார்கள். மற்ற மூன்றும், பெயர்கள் மாறினாலும், இன்றும் நம் முகங்களில் காணக் கிடைப்பவையே.

இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள் அல்ல. ஒரே நிகழ்ச்சியின் வெவ்வேறு கட்டங்கள். நம் தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்திலும் மார்பிலும் முதுகிலும் இச்சுரப்பிகள் பெரியவை. பருவ வயதில் ஆண்பால் ஹார்மோன்கள் (இவை பெண்களின் உடலிலும் சிறு அளவில் உண்டு) இச்சுரப்பிகளைப் பெருக்க வைக்கின்றன. எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. அதே வேளையில் மயிர்க்குழியின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் செல்லும் சேர்ந்து அடைப்பாகின்றன. குழியின் வாய் மூடியிருந்தால் அது வெண்மையான சிறு மேடு, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கருமை அழுக்கு என்று எண்ணி முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் பலர். அது அழுக்கு அன்று. தோலின் நிறமியான மெலானினும் காற்றுப் பட்டு மாறிய எண்ணெய்ப் பொருள்களும் தரும் நிறம் அது. தேய்ப்பதால் தோல் புண்படுமே தவிரப் புள்ளி போகாது.

அடைபட்ட குழிக்குள் காற்றில்லாச் சூழலில் தழைக்கும் ஒரு பாக்டீரியம் பெருகுகிறது. ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா 1896-இல் நுண்ணோக்கியின் கீழ் அதைக் கண்டார். அதன் அறிவியல் பெயர் பலமுறை மாறி, 2016 முதல் 'கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ்' என்று வழங்குகிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கு திரளும்போது பரு சிவக்கிறது, சீழ் பிடிக்கிறது. மயிர்க்குழியின் சுவர் உள்ளே வெடித்துவிட்டால் அதன் சரக்கெல்லாம் அடித்தோலில் கொட்டி, பேட்மன் சொன்ன கெட்டிப் பரு உண்டாகிறது. விரலால் பிதுக்கும்போதும் பல சமயங்களில் நடப்பது இந்த உள்வெடிப்புதான். தோலுக்குத் தாங்குசட்டமாக இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அங்கே சிதைகிறது. சிதைந்த அளவுக்குத் திரும்ப உண்டாகாவிட்டால் குழித்தழும்பு. மார்பு, முதுகு, தாடை ஓரம் ஆகிய இடங்களில் சிலருக்கு அளவுக்கு மீறி உண்டாகி மேட்டுத்தழும்பாகவும் நிற்கும்.

பரு ஆறிய இடத்தில் பல மாதங்கள் நிற்கும் பழுப்புக் கறையைத் தழும்பு என்று அஞ்ச வேண்டியதில்லை. அது நிறம் மட்டுமே. வடிவக் கேடு அன்று. நம்மைப் போன்ற பழுப்பு நிறத் தோலினருக்கு அது மிகுதியாக வரும். பெரும்பாலும் தானே மங்கிவிடும்.

வியன்னாவில் ஒரு சிறுமி

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். எலும்பைப் படம் பிடிக்கும் இந்த விந்தையை உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த 1896-ஆம் ஆண்டிலேயே, கதிரின் முன் நெடுநேரம் இருந்தவர்களுக்கு முடி உதிர்வதும் தோல் சிவப்பதும் தெரியவந்தன. வியன்னா நகர மருத்துவர் லியோபோல்ட் பிராய்ண்ட் இதைச் சிகிச்சையாக மாற்றலாம் என்று எண்ணினார். முதுகில் மயிரடர்ந்த பெரிய மச்சத்தோடு அழைத்து வரப்பட்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின்மீது, நாள்தோறும் நெடுநேரம் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். மயிர் உதிர்ந்தது, வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. பிறகு அதே இடத்தில் எளிதில் ஆறாத புண் உண்டாயிற்று. கதிர்ச் சிகிச்சையின் முழு வரலாறும் அந்தச் சிறுமியின் முதுகில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது போலத் தோன்றுகிறது.

மயிரை உதிர்க்கும் கதிர், மயிர்க்காலில் பிறக்கும் பருவையும் அடக்கலாம் அல்லவா? 1902-இல் சிகாகோவின் தோல் மருத்துவர் வில்லியம் ஆலன் பியூசி, எக்ஸ் கதிரால் முகப்பருவைக் குணப்படுத்தியதாக எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. பரு உண்மையிலேயே அடங்கியது. விரைந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்களை எக்ஸ் கதிர் எளிதில் தாக்கும். எண்ணெய்ச் சுரப்பியோ ஓயாமல் செல்களைப் பெருக்கி, அவற்றை உடைத்தே எண்ணெயாக்கும் உறுப்பு. கதிர் பட்டதும் அது சுருங்கியது. எண்ணெய் குறைந்தது, அடைப்புக் குறைந்தது. சில மாதங்களில் சுரப்பி மீண்டும் தலையெடுக்கும் என்பது பிற்காலத்தில்தான் நுண்ணோக்கியில் தெரிந்தது.

ஆனால் எவ்வளவு கதிர் கொடுப்பது? அக்காலத்துக் குழாய்களில் சிறிதளவு வாயு எஞ்சியிருக்கும். அதைப் பொறுத்துக் கதிரின் வலிமை காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். பல மருத்துவர்கள் தம் கையையே குழாயின் முன் நீட்டி, ஒளிரும் திரையில் எலும்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்துக் குழாயைச் சோதித்தார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டேலி இரு கைகளையும் இழந்து 1904-இல் மாண்டார். ஹாம்பர்க் நகரில் 1936-இல் நிறுவிய நினைவுத்தூணில் இப்படிக் கதிருக்குப் பலியான மருத்துவர்கள், இயற்பியலார் முதலியோர் 169 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன.

அளவுக்கு ஓர் எளிய வழியை 1904-இல் பாரிஸ் நகரத்துச் சபுரோவும் நுவாரேயும் கண்டார்கள். பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய சிறு வில்லையைக் கதிரில் வைத்தால் அது பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும். குறித்த நிறம் வந்ததும் கதிரை நிறுத்திவிட வேண்டும். இதில் மாணவர்கள் கவனிக்கத்தக்க ஓர் அழகு உண்டு. வில்லையைத் தோலின்மேல் வைக்காமல், குழாய்க்கும் தோலுக்கும் நடுவே, பாதித் தொலைவில் வைத்தார்கள். தொலைவு பாதியானால் கதிரின் செறிவு நான்கு மடங்கு. ஆகவே தோலுக்கு ஒரு பங்கு சேரும்போது வில்லைக்கு நான்கு பங்கு சேரும். நிறமாற்றமும் நன்கு தெரியும். வகுப்பில் நாம் விளக்கைக் கொண்டு நடத்திக் காட்டும் தலைகீழ் இருமடி விதிதான் இது. 1913-இல் கூலிட்ஜ் வெற்றிடக் குழாயை அமைத்த பின் கதிர் சீராயிற்று. 1928-இல் ராண்ட்ஜன் பெயரிலேயே பன்னாட்டு அலகும் ஏற்பட்டது.

அதன் பிறகு இச்சிகிச்சை தயக்கமின்றிப் பரவியது. வாரத்துக்கு ஒருமுறை சுமார் 75 ராண்ட்ஜன் வீதம், பன்னிரண்டு முதல் பதினாறு வாரங்கள் முகத்துக்குக் கதிர் கொடுப்பது அமெரிக்காவில் வழக்கமான முறையாயிற்று. மொத்தத்தில் ஆயிரம் ராண்ட்ஜன் அளவுக்கு வரும் இது. இன்று மார்பை ஒருமுறை எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்போது தோல் பெறுவதைப்போலப் பல்லாயிரம் மடங்கு! ஆனால் ஒரே நாளில் கொடுக்காமல் பிரித்துக் கொடுத்ததால் தோல் சிவக்கவில்லை, புண்ணாகவில்லை. ஆகவே பாதுகாப்பானது என்று நம்பினார்கள். மருத்துவர்களாவது அளந்து கொடுத்தார்கள். 1920-களில் 'டிரைக்கோ' என்ற பெயரில் அழகு நிலையங்களில் எக்ஸ் கதிர் இயந்திரங்களை வைத்துப் பெண்களின் முகத்து மயிரை நீக்கிய கூட்டமும் இருந்தது. பிரான்சில் 1930-களில் 'தோ-ரேடியா' என்று தோரியமும் ரேடியமும் கலந்த முகப்பூச்சு விற்றது. புதுமை என்றால் எதையும் முகத்தில் பூசிக்கொள்ள ஆள் இருப்பது இன்றைக்கும் புதிதன்று.

இரண்டு கடிகாரங்கள்

அந்த மருத்துவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்கள் கையில் வேறு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். கந்தகக் களிம்பு, ரிசார்சின், பத்தியம் — இவ்வளவுதான். முகமெல்லாம் சீழ்ப்பருவோடு வரும் இளைஞனுக்குக் கைகண்ட பலன் தந்தது எக்ஸ் கதிர் ஒன்றே. தழும்பு விழுவதையும் அது குறைத்தது.

தவறு வேறிடத்தில் இருந்தது. அவர்கள் அளக்கக் கற்றுக்கொண்டது தோல் உடனே காட்டும் எதிர்வினையை. வில்லை நிறம் மாறுவதும் தோல் சிவப்பதும் நாள், வாரக் கணக்கில் தெரிபவை. செல்லின் உட்கருவில் எக்ஸ் கதிர் ஏற்படுத்தும் முறிவு அப்படித் தெரியாது. பழுதான ஒரு செல் புற்றாகத் தலைகாட்டப் பத்தாண்டு, இருபதாண்டு, அதற்கு மேலும் ஆகும். முகப்பருவோ இருபதுகளில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும் நோய். நோயின் கடிகாரம் ஐந்தாறு ஆண்டில் நின்றுவிடுகிறது. மருந்தின் கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்குகிறது. குணமான நோயாளி மருத்துவரை மறந்துவிடுகிறார். மருத்துவர் நோயாளியை வெற்றிக் கணக்கில் எழுதிவிடுகிறார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கழுத்தில் கட்டியோடு அவர் வேறொரு மருத்துவரிடம் போகும்போது, பழைய பருவுக்கும் இந்தக் கட்டிக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

ஆழத்தையும் கணக்கில் கொள்ளவில்லை. எண்ணெய்ச் சுரப்பி தோலின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எக்ஸ் கதிரிடம் அங்கே போய் நில் என்று சொல்ல முடியாது. அது மேலும் உள்ளே சென்று, படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். தாடைக்குக் கதிர் கொடுத்தால், கழுத்துத் தோலுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் உண்டு.

முடிச்சு அவிழ்ந்தது குழந்தைகளால். அந்நாளில் கைக்குழந்தைகளுக்குத் தைமஸ் சுரப்பி பெரிதாக இருப்பதாகக் கருதியும், சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குத் தொண்டைச் சதை வீக்கத்துக்காகவும், தலையில் படர்தாமரைக்காகவும் எக்ஸ் கதிர் கொடுத்து வந்தார்கள். தைராய்டு புற்றுநோய் கண்ட சிறுவர் சிறுமியரின் பழைய வரலாற்றைத் துருவிய டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்க மருத்துவர்கள், அவர்களில் பலர் குழந்தையாக இருந்தபோது கதிர் பெற்றவர்கள் என்று 1950-இல் காட்டினார்கள். 1974-இல் சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனை ஓர் அரிய செயலைச் செய்தது. பல்லாண்டுகளுக்கு முன் தன்னிடம் கதிர்ச் சிகிச்சை பெற்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பழைய ஏடுகளைத் தூசி தட்டி எடுத்து, ஒவ்வொருவராகத் தேடி அழைத்துச் சோதிக்கத் தொடங்கியது. தாம் செய்த சிகிச்சையின் தீங்கைத் தாமே தேடிச் செல்வது எளிய காரியமா? 1977-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், இளமையில் தலையிலும் கழுத்திலும் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள் தைராய்டைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று நாடு முழுவதும் அறிவித்தது. அந்தப் பட்டியலில் முகப்பருவும் இருந்தது.

வயது குறையக் குறையத் தைராய்டுக்கு ஆபத்து மிகுதி. பரு நோயாளிகள் பதின்வயதினர் ஆதலால், கைக்குழந்தைகளின் அளவுக்கு அவர்களுக்கு அத்தீங்கு நேரவில்லை. ஆனால் கதிர் நேராகப் பட்ட முகத்தோலின் கதை வேறு. சிலருக்கு நடுத்தர வயதில் தோல் மெலிந்து, சிறு இரத்தக்குழாய்கள் வலைபோல் தெரிந்தன. சிலருக்கு அதே இடத்தில் தோல் புற்று எழுந்தது. தழும்பு விழாமல் காக்கக் கொடுத்த கதிரே ஒரு வகைத் தழும்பை விட்டுச் சென்றது. 1970-களில் இச்சிகிச்சை மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

வேதியியல் முந்திக்கொண்டது

எக்ஸ் கதிர் விலகிப் போனதற்கு அச்சம் மட்டும் காரணம் அன்று. நல்ல மாற்றும் கிடைத்தது. விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்றும், ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் வருகிறது என்றும் ஹாமில்டன் 1941-இல் காட்டியிருந்தார். நோயின் வேர் எங்கே என்று அதனால் புலனாயிற்று. 1950-களில் டெட்ராசைக்ளின் மாத்திரை வந்தது. 1969-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மனும் தோழர்களும் வைட்டமின் ஏ அமிலப் பூச்சை வெளியிட்டனர். அடைப்பையே கரைக்கும் மருந்து அது. இன்றும் நம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. ஆனால் கிளிக்மன் தம் தோல் ஆய்வுகளில் பலவற்றைப் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் உடலில் நடத்தினார் என்பதையும், பலத்த எதிர்ப்புக்குப் பின் 1974-இல் அச்சிறைச் சோதனைகள் நின்றன என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

1979-இல் கேரி பெக் குழுவினர், எதற்கும் அடங்காத கட்டிப்பரு நோயாளிகள் 14 பேருக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்தைக் கொடுத்தனர். 13 பேருக்கு முகம் முற்றிலும் தெளிந்தது. எக்ஸ் கதிர் வேண்டியிருந்த கடைசிக் காரணமும் அதோடு நீங்கியது. அம்மருந்திலும் ஒரு முள் உண்டு. கருவுற்ற பெண் உட்கொண்டால் கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான உறுப்புக் கேடுகள் நேரலாம். 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சிறிது காலத்திலேயே இது தெரிந்துவிட்டது. மருத்துவரின் கண்காணிப்பு இன்றி அதைத் தொடவே கூடாது.

வடுவை அளத்தல்

பருவை மருந்து கவனித்துக்கொண்டது. ஏற்கெனவே விழுந்த தழும்புக்கு என்ன வழி? பெர்லினில் எர்ன்ஸ்ட் குரோமாயர் 1905-லேயே சுழலும் அரத்தால் தோலைச் சீவி மட்டப்படுத்தினார். நியூயார்க்கில் ஆப்னர் கர்ட்டின் 1953-இல் தோலை உறைய வைத்து, விரைந்து சுழலும் எஃகுக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். பீனால் அமிலத்தால் மேல்தோலை உரித்தவர்களும் உண்டு. தச்சர் பலகையை இழைப்பதற்கும் இதற்கும் கருத்தளவில் வேறுபாடு இல்லை. எவ்வளவு ஆழம் சீவுவது என்பது கைப்பழக்கம். சற்று ஆழமாகிவிட்டால் புதிய தழும்பு.

வில்லன் பருவுக்குச் செய்ததை, வடுவுக்குச் செய்ய 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் ஜேக்கப், டோவர், காமினர் என்ற மூவர் குழித்தழும்புகளை வடிவம் பார்த்து மூன்றாக வகுத்தனர். பனிக்கட்டி உடைக்கும் ஊசியால் குத்தியது போன்று இரண்டு மி.மீ.க்கும் குறைந்த வாயோடு ஆழமாக இறங்குவது ஊசிக்குழி. செங்குத்தான ஓரமும் தட்டையான அடியுமாக, ஒன்றரை முதல் நான்கு மி.மீ. அகலத்தில் இருப்பது பெட்டிக்குழி. ஓரமே தெரியாமல் அகலமாக, அலைபோல் ஏறி இறங்குவது மூன்றாவது. இதில் தோல் சிதையவில்லை. நார்ப்பட்டைகள் அதைக் கீழிருந்து இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஆர்ண்ட்ரைக் என்ற தந்தையும் மகனும் 1995-இல் விளக்கியபடி, ஊசியைத் தோலுக்கடியில் செலுத்தி அப்பட்டைகளை அறுத்துவிட்டால் தோல் மேலே எழும்புகிறது.

கடுகும் போண்டாவும்

லேசரின் அடிப்படையை ஐன்ஸ்டைன் 1917-இல் கணக்கில் கண்டார். 1960 மே 16 அன்று மெய்மன் மாணிக்கக்கல் லேசரை ஒளிரச் செய்தார். சின்சினாட்டித் தோல் மருத்துவர் லியான் கோல்ட்மன் 1963-இலேயே அதைத் தோலில் செலுத்தி, நிறமி மிகுந்த இடமே அச்சிவப்பொளியை அதிகம் உறிஞ்சுகிறது என்று கண்டார். 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். அந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். நீர் இதை மிக வலுவாக உறிஞ்சும். தோலிலோ பெரும்பகுதி நீர்தான். ஆகவே கதிர் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும் கதிர் ஒருவாறு கிடைத்துவிட்டது.

ஆனால் தொடக்கத்தில் இதுவும் தோலைச் சுட்டது. கதிர் நின்றாலும் வெப்பம் நிற்கவில்லை, பக்கத்துக்குப் பரவியது. இதற்கு விடை தந்தவர்கள் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர்; ஆண்டு 1983. அவர்கள் சொன்னது நம் சமையலறையில் தெரிந்த உண்மைதான். எண்ணெயிலிருந்து எடுத்த கடுகு கண்ணிமைக்குள் ஆறிவிடும். போண்டா வெளியே ஆறினாலும் உள்ளே நெடுநேரம் சுடும். ஒரு பொருள் ஆறும் நேரம் அதன் குறுக்களவின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. அளவு இருமடங்கானால் நேரம் நான்கு மடங்கு. கதிரை உறிஞ்சும் மெல்லிய நீர்ப்படலம் ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடக் குறுகிய துடிப்பாக ஆற்றலைக் கொடுத்தால், வெப்பம் பக்கத்துக்குப் பரவுமுன் அப்படலமே ஆவியாகிப் போய்விடும். அடுத்த அடுக்குப் பிழைக்கும். தோலுக்கு அந்த நேரம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி. 1990-களில் அத்தகைய குறுந்துடிப்பு லேசர்கள் வந்தபின் பெட்டிக்குழிகளின் ஓரத்தைச் சீவி மட்டப்படுத்த முடிந்தது. வெப்பத்தின் தூண்டுதலால் அடியில் புதிய கொலாஜனும் உண்டாயிற்று.

இருப்பினும் முகம் முழுவதும் மேல்தோல் போய்விடுவதால் ஆற வாரக்கணக்கில் ஆயிற்று. நம்மைப் போன்ற நிறத்தினருக்கு ஆறியபின் கரும்படலமோ வெளிறலோ வந்தது. தோல் நிறத்துக்கு மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் அளவுகோலை 1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்தபோது அது வெள்ளையர் தோலுக்காகவே வகுக்கப்பட்டது. பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்க்கப்பட்டவை. மற்றவர் தோலில் கண்ட துடிப்பு அளவுகள் நம் தோலுக்கு அப்படியே பொருந்தாமல் போனதில் வியப்பென்ன?

2004-இல் மான்ஸ்டைன், ஆண்டர்சன் முதலியோர் வேறொரு வழியைச் சொன்னார்கள். தோல் முழுவதையும் சுடுவானேன்? புள்ளிக்கோலத்தில் புள்ளி வைப்பதுபோல, பத்தில் ஒரு மி.மீ. பருமனுள்ள மெல்லிய தூண்களாக மட்டும் வெப்பத்தைச் செலுத்தினார்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றிலும் நலமான தோல் இருக்கிறது. அங்கிருந்து செல்கள் நகர்ந்து வந்து ஓரிரு நாளில் மேல்தோலை மூடிவிடுகின்றன. இதே வேலையைச் சில வார இடைவெளியில் பலமுறை செய்கிறார்கள். பழுப்புத் தோலுக்கு இம்முறை முன்னையதைவிடப் பொருத்தமானது. எனினும் ஆற்றலைக் குறைத்து, புள்ளிகளை விலக்கி வைக்க வேண்டும். வெயிலையும் தவிர்த்தாக வேண்டும்.

லேசரால் தழும்பு அடியோடு மறைந்துவிடுமா என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. மறையாது, ஆழம் குறையும், ஓரம் மழுங்கும், நிழல் விழுவது குறையும். குழியைக் கண்ணுக்குக் காட்டுவது அதன் நிழல்தான் என்பதால் அந்தச் சிறு மாற்றமே முகத்தில் பெரிதாகத் தெரிகிறது. விளம்பரங்கள் இதைவிட அதிகம் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஊசிக்குழி மட்டும் லேசருக்கு எளிதில் வசப்படவில்லை. அதன் அடி, புள்ளித்தூண்கள் பாதுகாப்பாக எட்டக்கூடிய ஆழத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதற்குக் கொரிய மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட வழியே இன்றும் பெரிதும் கைக்கொள்ளப்படுகிறது. கூராகச் சீவிய மரக்குச்சியின் நுனியில் அடர் டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தைத் தொட்டு, குழிக்குள் மட்டும் அழுத்தி எடுப்பார்கள். அமிலம் குழியின் சுவரைப் புண்ணாக்குகிறது; அது ஆறும்போது உண்டாகும் கொலாஜன் அடியிலிருந்து குழியை மேலே தூக்குகிறது. நான்கைந்து முறை திரும்பச் செய்யவேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவரின் கையில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் முயன்றால் குழி பெருகும். கருவி என்று பார்த்தால் ஒரு குச்சியும் ஒரு சொட்டு அமிலமும்தான்.